தந்தையே தாயாகும் விந்தை

மட்டக்களப்பு என்றதும் பாடும் மீன்தான் எவர்க்கும் நினைவுக்கு வரும். நாம் இன்று கூறப்புகுவதோ பாடாத மீனொன்றின் கதை. சந்தையில் பெருவிலை பெறும் கொடுவாவே அது.

வாசகர்களே, நீங்கள் உண்ணும் சிறு கொடுவா அனேகமாக ஆண்மீன். பெருங்கொடுவா பெரும்பாலும் பெண்மீன். இவை வெவ்வேறு பிறவிகள் அல்ல. மூன்று நான்கு வயதிற் பருவமெய்தும் கொடுவா, சில ஆண்டுகள் ஆணாகவே வாழ்கின்றது. ஆறு முதல் எட்டு வயதளவில் விந்தகம் தேய்ந்து, அவ்விடத்திலேயே சூலகம் தோன்றுகின்றது. நேற்றுத் தந்தையாய் இருந்தது இன்று தாய்! பாப்புவா நியூகினியில் இம்மாற்றத்தை ஆராய்ந்த மூர் என்பார் 1979இல் அதனை வெளியிட்டார். முதலிலேயே பெண்ணாயிருக்கும் மீன்களும் சில உண்டு.

ஏன் இந்த ஏற்பாடு? விந்தைச் சுமக்கச் சிற்றுடல் போதும். இலட்சக்கணக்கான முட்டைகளைச் சுமக்கப் பேருடல் வேண்டும். இயற்கை கணக்கிற் கெட்டிதான்.

நன்னீரில் வளர்ந்தாலும் கொடுவா அங்கே முட்டையிடுவதில்லை. உப்பு மிகுந்த முகத்துவாரத்தை நாடிச் செல்கின்றது. அமாவாசை, பூரணை நாட்களை ஒட்டி, பொழுது சாய்ந்தபின் முட்டைகள் வெளிப்படுகின்றன. ஒரு மில்லிமீற்றருக்கும் குறைந்த அம்முட்டைகள் ஒரு நாளுக்குள்ளேயே பொரிக்கின்றன. ஏறிவரும் வற்றுப்பெருக்கு குஞ்சுகளைக் களப்புக்குள்ளே கொண்டுசேர்க்கின்றது; கண்டற் காடுகளின் வேரடியே அவற்றின் தொட்டில்.

ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் மட்டக்களப்பு வாவிக்குக் கடலோடு தொடர்பு, பாலமீன்மடுவிலும் தெற்கே கல்லாற்றிலுமே உண்டு. கோடையில் மணற்றிட்டு வாயை அடைத்துவிடும். மாரி வெள்ளம் உடைக்கும்வரை, அல்லது மனிதர் வெட்டித் திறக்கும்வரை, மீனின் பாதை மூடியேயிருக்கும். வயல் வெள்ளத்தில் மூழ்குகின்றதே என்று விவசாயி வாயைத் திறக்கச் சொல்கிறார். அந்தத் திறப்பு கொடுவாவுக்கும் வழியாகின்றது.

இனி வலையைப் பார்ப்போம். சிறுகண் வலையில் அகப்படும் இளங்கொடுவா, தாயாகும் வயதைக் காணாமலே போகின்றது. முகத்துவாரத்தில் பிடிபடும் பெருமீனோ முட்டை சுமந்துவரும் தாய். ஒருபுறம் நாளைய தாயும் மறுபுறம் இன்றைய தாயும் குறைந்தால், எஞ்சுவது இடைவயது ஆண்கூட்டமே. பால் மாறாத பல மீனினங்களிற் பெருமீனைப் பிடித்தால் ஆணும் பெண்ணுமாகக் குறையும். இங்கே குறைவது பெரும்பாலும் பெண்ணினம்.

தாய்லாந்து 1970களிலும், சென்னையை அடுத்த முட்டுக்காட்டு ஆய்வுநிலையம் 1997இலும் கொடுவாவைச் செயற்கையாகப் பொரிக்கச் செய்தன. ஆங்கும் சிறிய ஆண்மீன்களோடு பெரிய தாய்மீன்களைத் தொட்டியில் வைத்தே பேணுகின்றனர்.