கிளிமஞ்சாரோவுக்கு யார் காசில் போகிறீர்கள்?



கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாக வாசியுங்கள். வாசித்த பிறகு ஏசுவதென்றால் ஏசுங்கள். தலைப்பைப் பார்த்துவிட்டு மட்டும் ஏச வேண்டாம்.

கொஞ்ச நாளாக நமது ஊர் வாட்ஸ்அப் குழுமங்களில் ஒரே வகையான இணைப்புகள் சுற்றிக்கொண்டிருக்கின்றன. லண்டனிலோ லெஸ்டரிலோ இருக்கும் நம் உறவுக்காரப் பிள்ளை ஒன்று. பின்னணியில் பனி மூடிய மலை. "அநாதைக் குழந்தைகளுக்காகக் கிளிமஞ்சாரோ ஏறுகிறேன், உங்கள் ஸதகாவால் என்னோடு சேருங்கள்" என்று ஒரு வாசகம். கீழே இலக்கு, இதுவரை சேர்ந்த தொகை. நாமும் "மாஷா அல்லாஹ்" என்று போட்டு அடுத்த குழுமத்துக்கு அனுப்பிவிடுகிறோம். வெளிநாட்டில் மகன் இருக்கும் உம்மா, மகனிடம் சொல்லி நாற்பது பவுண் போடச் செய்கிறார். யாரும் ஒரு கேள்வி கேட்பதில்லை.

நான் கேட்கிறேன். அந்தப் பிள்ளை யார் காசில் போகிறது?

முதலில் அந்த மலையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கிளிமஞ்சாரோ தன்சானியாவில் இருக்கிறது. 5,895 மீற்றர் உயரம், ஆபிரிக்காவிலேயே உயர்ந்தது. அது ஓர் எரிமலை. ஷீரா, மவென்சி, கீபோ என்று மூன்று எரிமலைக் கூம்புகள் சேர்ந்தது. கீபோவின் வாயில் இன்றைக்கும் கந்தக ஆவி வரும் துளைகள் உண்டு. அதே கீபோவின் தலையில் பனிப்பாறைகள். பூமத்திய ரேகைக்கு மூன்று பாகை தெற்கே நெருப்பும் பனியும் ஒரே மலையில். 1912இல் இருந்த பனியில் 85 சதவீதம் 2007ஆம் ஆண்டுக்குள் இல்லாமல் போய்விட்டது. மிச்சமும் 2050க்குள் போய்விடும் என்று யுனெஸ்கோ 2022இல் எச்சரித்தது. அல்லாஹ்வின் படைப்பில் இப்படி ஓர் அதிசயத்தைப் பார்க்க ஒரு பிள்ளை ஆசைப்பட்டால் அதில் என்ன தப்பு? பூமியில் பயணம் செய்து பார்க்கச் சொல்வது நமது மார்க்கம்தானே. போகட்டும். ஆனால் அதற்குப் பெயர் சுற்றுலா. தர்மம் என்பது வேறு.

இந்தப் பயணங்கள் பிரித்தானியாவில் எப்படி ஒழுங்கு செய்யப்படுகின்றன என்று தெரிந்துகொள்ளுங்கள். பொதுவாக இரண்டு வழி. ஒன்று, போகிறவர் தன் செலவு முழுவதையும் தானே கட்டுவது. அப்போது மக்கள் தரும் காசு பயணத்துக்குப் போகாது. மற்றது, குறைந்தபட்சம் இவ்வளவு சேர்த்துத் தந்தால் அந்தத் தொகையிலிருந்தே பயணச் செலவை நிறுவனம் கட்டிவிடுவது. போகிறவர் ஒரு சிறு பதிவுக் கட்டணம் கட்டினால் போதும். இரண்டும் சட்டப்படி நடக்கிறவைதான். ஆனால் இணைப்பை அனுப்பும்போது எத்தனை பேர் "நான் இரண்டாவது வழியில் போகிறேன்" என்று எழுதுகிறார்கள்?

நான் கணிதம் படிப்பிக்கிறவன். ஒரு சின்னக் கணக்கு. இது உதாரணத்துக்கு மட்டும், யாருடைய கணக்கும் அல்ல. இலக்கு 4,000 பவுண். நூறு பேர் ஆளுக்கு 40 பவுண் தருகிறார்கள். பயணச் செலவு 2,000 பவுண். அதை இதிலிருந்து கழித்தால் ஐம்பது பேருடைய காசு விமானச் சீட்டுக்கும் கூடாரத்துக்கும் பூங்காக் கட்டணத்துக்கும் போகிறது. மற்ற ஐம்பது பேருடையதுதான் அநாதைக்குப் போகிறது. இப்போது சொல்லுங்கள், தையல் மெஷின் மிதித்துச் சேர்த்த காசைத் தந்த உம்மா எந்த ஐம்பதில் இருக்கிறார்? அவருக்கே தெரியாது. அவருக்குச் சொல்லப்படவும் இல்லை.

பூங்காக் கட்டணம் என்றேனே, அதையும் பாருங்கள். ஏழு நாள் ஏற்றத்துக்கு நாள் கட்டணம், கூடாரக் கட்டணம், மீட்புக் கட்டணம், வரி எல்லாம் சேர்ந்து ஒருவருக்கு 800 டொலரைத் தாண்டும். மலையில் கால் வைப்பதற்கு மட்டும் இவ்வளவு. விமானச் சீட்டு வேறு.

"ஆசிரியர், இதெல்லாம் சின்ன விசயம், நிய்யத் நல்லது" என்று சிலர் சொல்வார்கள். பிரித்தானிய வரித் திணைக்களம் இதைச் சின்ன விசயமாகப் பார்க்கவில்லை. அங்கே கிஃப்ட் எயிட் என்று ஓர் ஏற்பாடு. வரி கட்டும் ஒருவர் ஒரு பவுண் தர்மம் கொடுத்தால் அரசு 25 பென்ஸ் சேர்த்து அந்த நிறுவனத்துக்குக் கொடுக்கும். ஆனால் ஒருவருடைய பயணச் செலவை நிறுவனம் கட்டுகிறதென்றால், அவரும் அவருடைய பெற்றோர், உடன்பிறப்புகள், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள் தரும் காசுக்கும் பொதுவாக அந்தச் சலுகை கிடையாது. காரணம், அந்தக் குடும்பத்துக்கு அதில் ஓர் ஆதாயம் திரும்பி வருகிறது. ஹலால் ஹராம் பேசாத ஒரு வரித் திணைக்களத்துக்கு விளங்கும் இந்த வேறுபாடு, அமானிதம் என்ற சொல்லைச் சின்ன வயதிலிருந்தே ஓதி வளர்ந்த நமக்கு விளங்காதா?

ஸகாத் விசயம் இன்னும் கடுமையானது. ஸகாத் யாருக்கு என்று எட்டுக் கூட்டத்தாரை அல்குர்ஆன் தெளிவாகச் சொல்லிவிட்டது. மலையேறப் போகிறவரின் விமானச் சீட்டு அதில் எந்தக் கூட்டம்? றமழானில் இந்த இணைப்புகள் கூடுகின்றன, "ஸகாத்தும் தரலாம்" என்று சிலர் சேர்த்தே எழுதுகிறார்கள். தருகிறவரின் கடமை நிறைவேறியதா இல்லையா என்பது இங்கே கேள்வி. உலமாக்களிடம் கேட்டுவிட்டுத் தாருங்கள்.

அடுத்த விசயம். என்னை இதை எழுத வைத்ததே இதுதான்.

அந்தப் படங்களில் ஒரு மனிதர் வருவதே இல்லை. சுமை தூக்குகிறவர். புறக்கோட்டையில் நாட்டாமைமார் மூட்டை தூக்குவதைப் பார்த்திருப்பீர்கள். கிளிமஞ்சாரோவில் அதே தொழில், அது 4,000 மீற்றருக்கு மேலே. ஏறுகிற ஒருவருக்கு மூன்று நான்கு பேர் வேலை செய்கிறார்கள். பத்துப் பேர் "அநாதைகளுக்காக" ஏறினால் முப்பது நாற்பது ஏழைத் தன்சானியர்கள் அவர்களுடைய கூடாரம், சாப்பாடு, அடுப்பு, மேசை, கதிரை, சில நேரம் கழிவறைப் பெட்டியையும் தூக்கிக்கொண்டு போகிறார்கள். நம் பிள்ளை முதுகில் தண்ணீர்ப் போத்தலும் மழைச் சட்டையும். தூக்குகிறவர் தலையில் 20 கிலோ. அது விதிப்படியான உச்ச அளவு. அதற்கு மேல் ஏற்றக்கூடாது என்று பூங்கா வாசலில் நிறுத்துப் பார்க்கிறார்கள். ஏன் நிறுக்க வேண்டி வந்தது? ஏற்றினார்கள், அதனால்.

இவர்களுக்காகவே 2003 முதல் கிளிமஞ்சாரோ சுமையாளர் உதவித் திட்டம் என்று ஓர் அமைப்பு அங்கே இயங்குகிறது. அது என்ன கேட்கிறது தெரியுமா? நியாயமான நாட்கூலி, ஒரு நாளைக்கு மூன்று வேளைச் சாப்பாடு, படுக்க ஒழுங்கான கூடாரம், டிப்ஸ் அவரவர் கைக்கே போய்ச் சேருவது. குளிருக்குச் சட்டை இல்லாதவர்களுக்கு அது சட்டையும் சப்பாத்தும் இரவல் கொடுக்கிறது. கேட்கிற பட்டியலைப் பார்த்தாலே, இல்லாதது எது என்று விளங்கும். மேலே பறாஃபு என்று ஒரு முகாம். சுவாஹிலி மொழியில் அந்தச் சொல்லுக்கு அர்த்தமே பனிக்கட்டி. நடு இரவில் நம் பிள்ளை இறகு அடைத்த ஜெக்கட் போட்டு உச்சிக்கு வெளிக்கிடும் இடம் அது. அந்தக் குளிரில் மெல்லிய சட்டையோடு படுத்தவர்கள் உண்டு. இந்த மலையில் குளிரில் உயிர் விட்ட சுமையாளர்களும் உண்டு.

இந்த அமைப்பு, சுமையாளர்களை ஒழுங்காக நடத்தும் கம்பனிகளின் பட்டியலையும் வெளியிடுகிறது. ஒழுங்கான கம்பனி கொஞ்சம் கூடக் கேட்கும். மிக மலிவாகக் கூட்டிப்போகும் கம்பனி எங்கே மிச்சம் பிடிக்கும்? பூங்காக் கட்டணத்தில் பிடிக்க முடியாது, அது அரசுக்கு. கூலியிலும் சாப்பாட்டிலும்தான் பிடிக்கும். ஆக, "செலவைக் குறைத்தால் அநாதைக்குக் கூடப் போகும்" என்று மலிவான கம்பனியைப் பிடித்தால், ஓர் ஏழையின் வயிற்றிலிருந்து எடுத்து இன்னோர் ஏழைக்குக் கொடுக்கிறோம். நடுவில் நமக்குப் பனிமலைப் படம். வியர்வை காய்வதற்குள் கூலியைக் கொடு என்று படித்த சமூகம் நாம். இதற்குப் பெயர் தர்மமா?

இப்போது எதிர்வாதத்துக்கு வருவோம். அதில் ஒரு நியாயம் இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். "சும்மா கேட்டால் யாரும் தரமாட்டார்கள். கஷ்டப்பட்டு ஏறினால்தான் தருவார்கள்." உண்மைதான். 2009இல் பிரித்தானியாவில் கொமிக் ரிலீஃப் நிதிக்காக ஒன்பது பிரபலங்கள் இதே கிளிமஞ்சாரோவை ஏறினார்கள். 30 இலட்சம் பவுணுக்கு மேல் சேர்ந்தது. ஆபிரிக்காவில் மலேரியாவைத் தடுக்கும் நுளம்பு வலைகளுக்காக அந்த முயற்சி. நல்ல விசயம். ஆனால் நாடே தொலைக்காட்சியில் பார்த்த பிரபலங்கள் அவர்கள். சேர்ந்த தொகைக்கு முன்னால் ஒன்பது பேருடைய பயணச் செலவு தூசு. நம் பிள்ளை சேர்க்கிற நாலாயிரத்தில் பயணச் செலவு பாதி. இரண்டும் ஒன்றல்ல.

கஷ்டப்படுவதற்குக் கிளிமஞ்சாரோதான் வேண்டுமென்றும் இல்லை. 2020இல் கொரோனா நேரம், நூறு வயதை நெருங்கிய டொம் மூர் என்ற முன்னாள் இராணுவ வீரர் கைப்பிடி வண்டியைப் பிடித்துக்கொண்டு வீட்டுத் தோட்டத்தில் நூறு சுற்று நடந்தார். பிரித்தானியச் சுகாதாரத் துறையின் தொண்டு நிதிக்கு 3 கோடி பவுணுக்கு மேல் சேர்ந்தது. விமானமும் இல்லை, சுமையாளரும் இல்லை. பிறகு அவருடைய பெயரில் தொடங்கிய வேறோர் அறக்கட்டளையால் குடும்பத்தினர் ஆதாயம் அடைந்தார்கள் என்று அந்நாட்டு அறக்கொடை ஆணைக்குழு 2024இல் கண்டித்தது. அதுவும் நமக்குப் பாடம்தான். நடந்தவர் நல்லவர் என்பதால் காசுக்குக் கணக்குக் கேட்காமல் விடக்கூடாது.

"உங்களுக்குப் பொறாமை" என்று சொல்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. அந்தப் பிள்ளை தன் சம்பளத்தில் கிளிமஞ்சாரோ போய் உச்சியில் நின்று படம் போட்டால் முதல் லைக் என்னுடையது. என் வகுப்புப் பிள்ளைகளுக்கும் காட்டி, எரிமலை பற்றியும் பனிப்பாறை பற்றியும் பாடம் எடுப்பேன். தன் செலவில் போய், சேர்ந்த காசை ஒரு சதம் குறையாமல் ஒப்படைக்கிற பிள்ளைகளும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களுக்கு அல்லாஹ் கூலி கொடுப்பான். இந்தக் கேள்விகளால் அவர்களுக்கு ஒரு நட்டமும் இல்லை. இன்னும் சொன்னால், கேள்வி கேட்காத நம்மால்தான் அவர்களும் மற்றவர்களும் ஒன்றாகிப் போகிறார்கள்.

ஆகவே அடுத்த முறை இப்படி ஓர் இணைப்பு வந்தால், "மாஷா அல்லாஹ்" போடுவதற்கு முன் மூன்று கேள்வியை மரியாதையாகக் கேளுங்கள்.

ஒன்று: தம்பி, தங்கச்சி, உங்கள் பயணச் செலவை யார் கட்டுகிறார்கள்? நீங்களா, நாங்களா?

இரண்டு: எங்கள் நூறு ரூபாவில் எத்தனை ரூபா அநாதைக்குப் போய்ச் சேரும்? அதை இணைப்பிலேயே எழுத முடியுமா?

மூன்று: உங்கள் சுமையைத் தூக்குகிறவருக்கு ஒழுங்காகக் கூலி கொடுக்கும் கம்பனியில்தான் போகிறீர்களா?

மூன்றுக்கும் நேரான பதில் வந்தால் தாராளமாகத் தாருங்கள், பகிருங்கள், துஆச் செய்யுங்கள். பதில் வராவிட்டால், அல்லது "தர்மம் கொடுக்கவும் கேள்வியா" என்று கோபம் வந்தால், அந்தக் காசை நேரடியாக அநாதைகளைப் பராமரிக்கும் இடத்துக்கே அனுப்பிவிடுங்கள். நன்மை குறையாது. நடுவில் ஒரு விமானச் சீட்டு மட்டும் குறையும்.

நமது ஊர் இளைஞர்களும் இதே போல ஒரு மலையேற்றம் செய்து பாடசாலைக்குக் காசு சேர்க்கலாம் என்று பேசிக்கொள்வதாகக் கேள்விப்பட்டேன். நல்ல எண்ணம். நானும் வருகிறேன். பஸ் காசும் சாப்பாட்டுக் காசும் அவரவர் பையிலிருந்து. சேர்ந்த தொகையும் கொடுத்த தொகையும் அடுத்த ஜும்ஆவுக்குள் பள்ளிவாசல் அறிவித்தல் பலகையில். இந்த இரண்டுக்கும் உடன்பட்டால் என் பெயரை முதலாவதாக எழுதிக்கொள்ளுங்கள்.

வஸ்ஸலாம்.