புது பைக்கை எதனோடு ஒப்பிடுகிறீர்கள்?



பைக்கில் ஊர் சுற்றும் வாசகர்கள் சமீப காலமாக நம்மிடம் அதிகம் கேட்கும் கேள்வி இதுதான்: ‘‘என்னிடம் ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411 இருக்கிறது. பெரிதாகக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால், புது 450-ஐ ஓட்டிப் பார்த்ததிலிருந்து மனசு கேட்கவில்லை. மாறிவிடலாமா?’’

ஆசைப்படுவதில் தவறே இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வருடம் முழுக்க ஆபீஸ், கடை, ஸ்கூல் ஃபீஸ் என்று ஓடுகிற ஒருவர், நல்ல பைக்கில் நாலு நாள் மலைப்பக்கம் போய்வர நினைப்பதை வீண் செலவு என்று ஒதுக்கிவிட முடியுமா? அதிலும் இது நம் பக்கத்தில் தயாராகிற வண்டி. 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸோடு சேர்ந்து சென்னையில் புல்லட் தயாரிக்க ஆரம்பித்த ராயல் என்ஃபீல்டுக்கு இன்று ஒரகடத்திலும் வல்லம் வடகாலிலும் பெரிய தொழிற்சாலைகள் இருக்கின்றன. அந்தப் பெருமையும் நமக்கு உண்டு.

ஆனால், சாலைக்கு வரும்போது மூன்றரை லட்சத்தைத் தாண்டிவிடும் செலவு இது. அந்தப் பணத்துக்கு நம் வீடுகளில் எத்தனை தேவைகள் வரிசையில் நிற்கின்றன என்பது உங்களுக்கே தெரியும். அதனால் அவசரப்படாமல், உட்கார்ந்து பேசிவிடலாம்.

முதலில், புது வண்டிக்குரிய மரியாதையைக் கொடுத்துவிடுவோம்.

2016-இல் வந்த 411-இல் இருப்பது காற்றும் ஆயிலும் குளிர்விக்கும் எளிமையான இன்ஜின். பலம் 24 குதிரைத்திறனைக் கொஞ்சம் தாண்டும். ஐந்து கியர். 2023 நவம்பரில் வந்த 450-இல் இருப்பது ரேடியேட்டர் வைத்த 452 சிசி இன்ஜின். சுமார் 40 குதிரைத்திறன், ஆறு கியர். பெட்ரோல் டேங்க் 15 லிட்டரிலிருந்து 17 லிட்டராகிவிட்டது. எடை மட்டும் கூடவில்லை. பிஎஸ்-6 வகை 411 எடை 199 கிலோ. 450 எடை 196 கிலோ. அதே அளவு வண்டியை ஒன்றரை மடங்குக்கும் அதிகமான பலம் இழுக்கிறது.

இந்த வித்தியாசம் சாலையில் நன்றாகவே தெரியும். ராமநாதபுரம் தாண்டி ராமேஸ்வரம் போகும் இருவழிச் சாலையை நினைத்துக்கொள்ளுங்கள். பின்னால் மனைவி, இரண்டு பக்கமும் பை, முன்னால் ஒரு லாரி. 411-இல் போகிறவர் கியரைக் குறைத்து, எதிரே நீளமாக இடம் கிடைக்கும்வரை பொறுத்திருந்துதான் முந்த வேண்டும். 450 அதே லாரியைச் சட்டென்று தாண்டிவிடும். எதிர்த்திசையில் நாம் இருக்கும் நேரம் குறைகிறது. குடும்பத்தோடு போகிறவருக்கு இது பெரிய விஷயம்.

ஆனால், ‘இன்னும் வேகமாகப் போகலாம்’ என்பதற்காக மட்டும் மாறுவதில் எனக்கு உடன்பாடில்லை. நான்கு வழிச்சாலையில் இருசக்கர வாகனங்களுக்கு மத்திய அரசு 2018-இல் அறிவித்த உச்ச வேகம் மணிக்கு 80 கிலோமீட்டர்தான். அந்த வேகத்தை 411 மூச்சு வாங்காமல் நாள் முழுக்கத் தாங்கும். பெங்களூரு - மைசூரு எக்ஸ்பிரஸ்வேயின் பிரதான பாதையில் 2023 ஆகஸ்ட் முதல் பைக்குகளுக்கே அனுமதி இல்லை. சர்வீஸ் ரோட்டில்தான் போக வேண்டும். அங்கே 24 குதிரைக்கும் 40 குதிரைக்கும் என்ன வேறுபாடு இருந்துவிடப் போகிறது?

மலைப்பாதைக்கு வாருங்கள். கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40. இந்த வளைவுகளில் நமக்குத் தேவைப்படுவது, இன்ஜின் மெதுவாகச் சுழலும்போதே கிடைக்கிற இழுவை. 411-இன் முழு இழுவையும் 4,000 - 4,500 ஆர்பிஎம்மிலேயே வந்துவிடும். 450-இன் இழுவை அதிகம்தான். ஆனால் அது முழுதாக வருவது 5,500-இல். அதனால் 450-ஐக் கொஞ்சம் முறுக்கியபடியே ஓட்ட வேண்டும், கியரையும் அடிக்கடி மாற்ற வேண்டும். சிலருக்கு அதுதான் உற்சாகம். இரண்டாவது கியரில் நிதானமாக ஏறி, வழியில் டீ குடித்துவிட்டுப் போகிறவருக்குப் பழைய வண்டியின் குணமே பிடித்திருக்கும். இதில் நீங்கள் எந்த ரகம்? அதை விளம்பரம் சொல்லாது. நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

ஷோரூமில் நிற்கிற வண்டி புத்தம் புதுசு. டயரில் ஒரு கீறல்கூட இல்லை. செயின் சத்தமில்லாமல் ஓடும், பிரேக் தொட்டால் பிடிக்கும். அதில் நாலு கிலோமீட்டர் போய்விட்டு வந்து நம் வண்டியில் ஏறினால் எல்லாமே தளர்ந்துபோனதாகத் தெரியும். தெரியாமல் என்ன செய்யும்? நம் வண்டி பல ஆயிரம் கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. ஒரு காலில் தேய்ந்த செருப்பும் மறு காலில் புதுச் செருப்பும் போட்டு நடந்து பார்த்து, பழைய செருப்பின் கம்பெனியே சரியில்லை என்று முடிவு கட்டுவதைப் போன்றது இது.

நம்மில் பலர் புது பைக்கை ஒப்பிடுவது நம் பைக்கோடு அல்ல. கவனிக்காமல் விட்ட நம் பைக்கோடு!

டயர் தேய்ந்து நடுவில் தட்டையாகிவிட்டால் வளைவில் வண்டி சாய மறுக்கும். ஃபோர்க் ஆயில் பழசாகிவிட்டால் பிரேக் பிடிக்கும்போது முன்பக்கம் ஒரேயடியாக அமுங்கும். கோன்செட் போய்விட்டால் ஹேண்டில்பார் ஒரு இடத்தில் சிக்கிச் சிக்கித் திரும்பும். செயின் ஸ்பிராக்கெட் பல் தேய்ந்துவிட்டால் ஆக்ஸிலேட்டரைத் திருகும்போதெல்லாம் வண்டி வெட்டி வெட்டி இழுக்கும். இவை ஒவ்வொன்றும் மெதுவாக வருவதால் நமக்குத் தெரிவதில்லை. தினமும் ஓட்டுகிற நாம் அதற்குப் பழகிவிடுகிறோம். டெஸ்ட் ரைடு முடிந்த அன்றைக்குத்தான் மொத்தமும் ஒன்றாகச் சேர்ந்து தெரிகிறது. ‘வண்டிக்கு வயசாகிவிட்டது’ என்று முடிவெடுத்துவிடுகிறோம்.

அதனால் என் யோசனை இதுதான். புக்கிங்குக்குப் போகும் முன் உங்கள் வண்டியை நம்பிக்கையான மெக்கானிக்கிடம் விட்டு, இவற்றையெல்லாம் சரிசெய்யுங்கள். இரண்டு டயர், செயின் செட், பிரேக் பேட், கோன்செட், ஃபோர்க் ஆயில் என்று எல்லாம் சேர்ந்தாலும் புது வண்டிக்குக் கட்ட வேண்டிய வாழ்நாள் வரியைத் தாண்டுவது அரிது. தமிழ்நாட்டில் ஒரு லட்ச ரூபாய்க்கு மேற்பட்ட புது பைக்குகளுக்கு 2023 நவம்பர் முதல் வாழ்நாள் வரி 12 சதவீதம். மூன்று லட்ச ரூபாய் வண்டிக்கு அதுவே 36,000 ரூபாய். பழுது பார்த்த பிறகு ஒரு நீண்ட பயணம் போய்வாருங்கள். அதன்பிறகும் புதுசு வேண்டும் என்று தோன்றினால், அந்த எண்ணத்தை நீங்கள் நம்பலாம். தவிர, செய்த செலவு எங்கும் போகாது. விற்கும்போது நல்ல நிலையில் இருக்கிற வண்டிக்குத்தானே நல்ல விலை?

அடுத்தது டெஸ்ட் ரைடு. தயவுசெய்து தனியாகப் போகாதீர்கள். பயணத்தில் உங்களோடு வரப்போகிறவரை அழைத்துப் போங்கள்.

450-இன் சீட் உயரம் 825 மில்லிமீட்டர். பழைய வண்டியில் 800. ஓர் அங்குலம்தானே என்று தோன்றும். ஆனால் சிக்னலில் கால் ஊன்றும்போதும், சரளை மண்ணில் வண்டியைத் திருப்பும்போதும், பின்னால் ஒருவர் ஏறி இறங்கும்போதும் அந்த ஓர் அங்குலம் பேசும். புடவையிலோ சுடிதாரிலோ ஏறுகிறவருக்கு எப்படி இருக்கிறது? பக்கவாட்டில் பெட்டி மாட்டிவிட்டால் கால் எங்கே வைப்பது? முழங்கால் வலிக்கிறவருக்கு நடுவழியில் எத்தனை முறை இறங்க வேண்டியிருக்கும்? இதற்கெல்லாம் பதில் சொல்ல வேண்டியவர் பின்சீட்டில் இருப்பவர்தான். பல வீடுகளில் புக்கிங் முடிந்த பிறகுதான் அவருக்கே தெரிய வருகிறது. அது நியாயமா?

அதே பைக்தான் மறுநாள் காய்கறி வாங்கவும், பிள்ளையை டியூஷனில் விடவும், மழைக்கு மாடிப்படிக்குக் கீழே ஒதுங்கவும் போகிறது. கிட்டத்தட்ட 200 கிலோ வண்டியைக் குறுகலான சந்தில் தினமும் முன்னும் பின்னும் நகர்த்தப்போவது நாம்தான். இன்னொன்று, 411-ஐப் போகிற வழியில் இருக்கிற ஓர் அனுபவசாலி மெக்கானிக்கே பெரும்பாலும் சமாளித்துவிடுவார். ஆக்ஸிலேட்டர் முதல் ரைடிங் மோட் வரை எலக்ட்ரானிக்ஸில் ஓடும் 450-க்குக் கோளாறு வந்தால் கம்பெனி சர்வீஸ் சென்டரைத்தான் பெரும்பாலும் தேட வேண்டியிருக்கும். உங்கள் ஊரிலிருந்து அது எவ்வளவு தூரம் என்று பார்த்துவைத்துக்கொள்ளுங்கள்.

இனி கணக்கு. 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையிலான பைக்குகளுக்கு ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. அதற்கு மேற்பட்டவற்றுக்கு 40 சதவீதமானது. 450-இன் ஷோரூம் விலையே இன்று மூன்று லட்சத்தைத் தாண்டி நிற்க அதுவும் ஒரு காரணம். இன்ஷூரன்ஸிலும் அதே கோடுதான். புது பைக்குக்கு ஐந்து வருட மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். 2022-இல் அறிவித்த கட்டணப்படி 150 முதல் 350 சிசி வரை 7,365 ரூபாய். 350-ஐத் தாண்டினால் 15,117 ரூபாய்.

கையில் இருப்பதைப் போட்டு, மீதி இரண்டு லட்சத்துக்கு 11 சதவீத வட்டியில் மூன்று வருடக் கடன் வாங்குவதாக வைத்துக்கொள்வோம். மாதத் தவணை சுமார் 6,550 ரூபாய். வட்டி மட்டும் 35,000-க்கு மேல். இந்தத் தவணையைக் கட்டுவதற்காக வருடாந்திரப் பயணத்தையே தள்ளிப்போட வேண்டி வந்தால், டூரிங் பைக் எதற்கு? வண்டி வந்த பிறகும் பெட்ரோலுக்கும், தங்குவதற்கும், சாப்பாட்டுக்கும் பணம் வேண்டுமே!

கிளாசிக் 350 போன்ற வண்டியை வைத்துக்கொண்டு மாற நினைக்கிறவர்களுக்கும் இது பொருந்தும். உங்கள் பயணங்கள் தார்ச்சாலையோடு முடிந்துவிடுமானால், 40 சதவீத வரிக் கோட்டைத் தாண்ட வேண்டுமா என்று ஒருமுறைக்கு இரண்டு முறை யோசியுங்கள். 249 சிசி இன்ஜினோடு சுசூகி வி-ஸ்ட்ரோம் எஸ்எக்ஸ் மாதிரியான டூரிங் வண்டிகளும் கடைகளில் இருக்கின்றன. அவற்றையும் ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.

அப்படியானால் யார்தான் மாறலாம்? மாதம் தவறாமல் இரண்டு பேராகச் சுமையோடு நெடுந்தூரம் போகிறவர்கள் தாராளமாக மாறலாம். இன்ஜினைப் பிரித்து வேலை பார்க்க வேண்டிய நிலைக்கு வண்டி வந்துவிட்டவர்கள் மாறலாம். முக்கியமாக, ஏபிஎஸ் இல்லாத வண்டியில் நெடுஞ்சாலைப் பயணம் போகிறவர்கள் இதை யோசித்தே ஆக வேண்டும். 125 சிசிக்கு மேற்பட்ட புது பைக்குகள் எல்லாவற்றுக்கும் ஏபிஎஸ் கட்டாயமானது 2019 ஏப்ரலில்தான். அதற்கு முன் வாங்கிய பல வண்டிகளில் அது கிடையாது. மழையில், திடீரென்று மாடு குறுக்கே வரும்போது, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் நிற்பது எவ்வளவு பெரிய பாதுகாப்பு! அந்தக் காரணத்துக்காக ஒருவர் வண்டியை மாற்றினால் நான் மகிழ்ச்சியோடு வாழ்த்துவேன்.

மற்றவர்கள் பொறுத்திருப்பதால் எதையும் இழந்துவிடப் போவதில்லை. புது மாடல்களில் ஆரம்பத்தில் தெரியவரும் சின்னச் சின்னக் குறைகள் போகப் போகத்தான் சரியாகும். 450-ஐயே பாருங்கள். நம் ஊர்ப் பயணிகள் கேட்டுக்கொண்டிருந்த டியூப்லெஸ் ஸ்போக் வீல், வண்டி அறிமுகமான அன்று நம் சந்தையில் கிடைக்கவில்லை. பிறகுதான் வந்தது. பொறுத்தவர்களுக்கு நல்ல வண்டியே கிடைத்தது.

கடைசியாக ஒன்று. மாறினாலும் மாறாவிட்டாலும் தள்ளிப்போடக் கூடாத செலவு ஒன்று உண்டு. ஐஎஸ்ஐ முத்திரையுள்ள, தலைக்குச் சரியாகப் பொருந்துகிற நல்ல ஹெல்மெட். உங்களுக்கு ஒன்று, பின்னால் உட்கார்கிறவருக்கு ஒன்று. பைக்குக்கு லட்சங்களை எண்ணிக் கொடுத்துவிட்டு, பின்சீட்டுக்காரருக்கு ஏதோ ஒரு மலிவு ஹெல்மெட்டைக் கொடுக்கிற பழக்கம் நம்மிடம் இன்னும் இருக்கிறது. இரண்டு நல்ல ஹெல்மெட்டுகளை இந்த மாதமே வாங்கிவிடுங்கள். பைக் முடிவு அடுத்த பயணம் முடியும்வரை காத்திருக்கட்டும்.

அன்புடன்,
ஆசிரியர்