வீட்டு முற்றம்: பை வைத்துக் காத்திருக்கும் பூண்டு

சென்ற வருடம் விடுமுறை முடிந்து திரும்பிய மாணவர் ஒருவர் தயிர்க் கோப்பையொன்றில் ஒரு பிடி புல்லைக் கொண்டுவந்து தந்தார். அலங்கார மீன் கடையில் வாங்கியதாம். "ஹஸரத், இது பூச்சி தின்னும்" என்றார். வீட்டுக்குக் கொண்டுவந்ததும் என் இளைய மகள் இரண்டு எறும்புகளைப் பிடித்து அதன்மேல் விட்டுவிட்டுக் குந்திக்கொண்டிருந்தாள். எறும்புகள் தம்பாட்டில் நடந்து போய்விட்டன. மறுநாள் மாசித் தூள் போட்டாள். நானோ அதைவிடப் பெரிய தவறு செய்தேன்: ரோசாச் செடிக்குப் போடும் பசளையில் ஒரு சிட்டிகையைக் கரைத்து ஊற்றினேன். மூன்று வாரத்தில் கோப்பை முழுவதும் பாசி படர்ந்து, புல் அழுகிப் போயிற்று. மகள் இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை.

இரண்டாம் முறை கேட்டு வாங்கியபோதுதான் அதைப் பற்றித் தேடிப் படித்தேன். இதன் பெயர் யுட்ரிகுலாரியா கிராமினிபோலியா. இலங்கையிலும் இந்தியாவிலும் ஈரநிலங்களிலும் ஓடைக் கரைகளிலும் தானாக வளர்வது. யுட்ரிகுலாரியா இனத்தில் உலகெங்கும் 200க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. நமது வயல்களில் நீலப்பூப் பூக்கும், சிங்களத்தில் 'நில் மொனரெஸ்ஸ' எனப்படும் செடியும் இதன் உறவுதான். குளங்களில் மிதந்து மஞ்சள் பூப் பூப்பதும் அவ்வாறே.

இதற்கு உண்மையான வேர் கிடையாது. மண்ணுக்குள் நூல்போல ஓடும் தண்டுகளில் கடுகைவிடச் சிறிய, கண்ணாடி போன்ற பைகள் தொங்குகின்றன. எறும்பை மேலே விட்டால் அதற்குத் தெரியாது. வாய் இருப்பது கீழே. பை தன் உள்ளிருக்கும் நீரை வெளியே இறைத்துவிட்டுச் சுவர்கள் உள்வாங்கியபடி காத்திருக்கும். கதவருகே உள்ள மயிரைக் கண்ணுக்குத் தெரியாத நீர்ப்பூச்சியொன்று தொட்டதும் கதவு உட்பக்கமாகத் திறக்க, நீரோடு பூச்சியும் இழுபட்டு உள்ளே போகும். உடனே கதவு மூடிக்கொள்ளும். 2011இல் பிரான்சின் கிரெனோபிள் நகர ஆய்வாளர்கள் அதிவேகக் கெமராவால் படம்பிடித்துப் பார்த்தபோது, இந்த உறிஞ்சல் ஒரு விநாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கிலும் குறைந்த நேரத்தில் முடிவது தெரியவந்தது. பிறகு அடுத்த இரைக்காக மீண்டும் நீரை இறைக்க அரைமணி நேரமளவு எடுக்கும்.

சார்ள்ஸ் டார்வின் 1875இல் பூச்சியுண்ணும் தாவரங்கள் பற்றி எழுதிய நூலில், பூச்சிகள் தாமே கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போவதாகவே கருதினார். அமெரிக்காவின் நியூ ஜேர்சியில் தன் வீட்டில் நுணுக்குக்காட்டியை வைத்துக்கொண்டு மணிக்கணக்காகப் பார்த்திருந்த மேரி டிரீட் என்ற பெண்மணிதான், வாசலில் உள்ள மயிர்கள் உணர்ச்சியுள்ளவை, பிடிப்பதில் செடிக்கும் பங்குண்டு என்று கண்டு சொன்னார். டார்வினின் நூலிலேயே இவரது அவதானிப்புகள் பல இடங்களில் எடுத்துக் காட்டப்படுகின்றன. வீட்டிலிருந்து என்ன செய்யலாம் என்று கேட்கும் சகோதரிகளுக்காக இதைக் குறிப்பிடுகிறேன்.

இனி வளர்க்கும் முறை. சத்தற்ற மண்ணில் வாழப் பழகிய செடி என்பதால், நாம் மற்றச் செடிகளுக்குக் காட்டும் அன்பு இதற்கு நஞ்சு. பசளை, சாணம், தோட்டத்து மண் எதுவும் வேண்டாம். தும்புத்தூளும் ஆற்று மணலும் சரிபாதி எடுத்துக்கொள்ளுங்கள். தும்புத்தூளில் உப்பிருக்கும், நாலைந்து தடவை ஊறவைத்து, நீரை ஊற்றிவிட்டுப் பிழிந்து எடுக்க வேண்டும். மணலையும் கலங்கல் போகும்வரை கழுவுங்கள். கடல் மணல் கூடவே கூடாது. அடியில் துளையுள்ள சிறு சாடியில் இதை நிரப்பி, விரலளவு புல் துண்டைப் பதித்து வைத்தால் போதும், தானே படரும். வெளிச்சம் நன்றாக வேண்டும். ஆனால் நண்பகல் வெயில் நேரே விழக்கூடாது.

நீர்தான் முக்கியம். மழைநீரையே ஊற்றுங்கள். பீலியிலிருந்து பிடிப்பதானால் முதல் மழையை விட்டுவிட்டு அடுத்ததைப் பிடித்து, மூடிய போத்தலில் வையுங்கள். குழாய்நீரை இரவு முழுவதும் திறந்து வைத்தால் குளோரின் போகும். கரைந்துள்ள உப்புகள் போகா. யாழ்ப்பாணம், புத்தளம் பக்கத்துச் சுண்ணாம்புக் கிணற்று நீர் இதற்கு ஆகாது.

இச்செடியை வைத்தால் வீட்டில் நுளம்பு ஒழியுமாமே என்று ஒரு சகோதரி எழுதிக் கேட்டிருந்தார். தயவுசெய்து அதை நம்ப வேண்டாம். குளத்தில் மிதக்கும் பெரிய வகைகள் சில நுளம்புக் குடம்பிகளைப் பிடிப்பது உண்மை. சாடியில் வளரும் இந்தப் புல்லின் பைகளோ அதற்குப் போதாதவை. மாறாக, சாடிக்கு அடியில் வைக்கும் நீர்த்தட்டு நுளம்புக்கு நல்ல தொட்டிலாகிவிடும். 2017ஆம் ஆண்டில் நம் நாட்டில் 1,86,000க்கும் அதிகமானோர் டெங்குச் சந்தேக நோயாளராகப் பதிவானார்கள். எங்கள் வீட்டுக்கு வந்த சுகாதாரப் பரிசோதகர் இந்தத் தட்டைப் பார்த்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். மௌலவிக்கு இது தேவைதானா என்பதுபோல இருந்தது.

அன்று தொடக்கம் தட்டை விளிம்புவரை மணலால் நிரப்பிவிட்டோம். நீரை மணலின் மேல்மட்டத்துக்குச் சற்றுக் கீழே நிற்கும்படி விடுகிறோம். நீர் வெளியே தெரிவதில்லை, செடிக்கும் ஈரம் குறைவதில்லை. மழைநாளில் சாடியை வெளியே வைப்பதில்லை. வாரம் இருமுறை தட்டைக் கவிழ்த்து ஓரங்களைத் தேய்த்துக் கழுவுகிறோம். டெங்கு நுளம்பின் முட்டை பாத்திரத்தின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு, காய்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் இருக்குமாதலால் நீரை ஊற்றிவிடுவது மட்டும் போதாது.

காட்டிலோ மலைச் சதுப்பிலோ கண்ட செடியைப் பிடுங்கி வராதீர்கள். ஹோட்டன் சமவெளி போன்ற தேசிய பூங்காக்களில் ஒரு புல்லை எடுப்பதும் குற்றம். வளர்ப்பவரிடம் ஒரு துண்டு கேட்டால் மறுக்கமாட்டார். எங்கள் சாடியிலிருந்தும் இதுவரை நாலு பேர் வாங்கிப் போயிருக்கிறார்கள். போன மாதம் ஊசிபோன்ற தண்டு ஒன்று எழும்பி ஊதாநிறத்தில் பூத்தது. மகள் உருப்பெருக்குக் கண்ணாடியோடு மண்ணருகே குனிந்திருந்தாள். பூவை அவள் பார்க்கவேயில்லை, சாடியின் ஓரத்தில் தெரிந்த பைகளை எண்ணிக்கொண்டிருந்தாள்.