வம்சமா, வளர்ப்பா? இரட்டையரைக் கேளுங்கள்

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

நம் பிள்ளையார்பாளையத்தில் வயசுப் பிள்ளை ஒன்றுக்கு மனம் சரியில்லை என்று தெரிந்தால் உடனே இரண்டு பேச்சு கிளம்பும். ஒன்று, "அவங்க வம்சத்துக்கே அது உண்டு." இன்னொன்று, "பெத்தவ வளர்த்த லட்சணம் அப்படி." முதல் பேச்சால் அந்த வீட்டில் கல்யாணம் தட்டிப்போகிறது. இரண்டாவது பேச்சால் தாய்க்காரி தெருவில் தலைகாட்ட முடிவதில்லை. இரண்டுக்கும் பயந்து வீட்டார் விஷயத்தை மூடி வைக்கிறார்கள். டாக்டரிடம் போக வேண்டிய பிள்ளை உள்ளறையில் முடங்கிக் கிடக்கிறது. இரண்டு பேச்சும் தவறு என்பதுதான் என் கருத்து. இரட்டைக் குழந்தைகளை வைத்துச் செய்த ஆராய்ச்சிகள் அதைத் தெளிவாகக் காட்டுகின்றன.

என்னிடம் படித்த இரட்டைப் பெண்கள் இருவர். பெயர் வேண்டாம். உரித்து வைத்தது போல ஒரே முகம். வருகைப் பதிவு எடுக்கும்போது எனக்கே குழப்பம் வரும். பத்தொன்பது வயதில் ஒருத்திக்கு மனநோய் வந்தது. இரண்டு வருஷம் மந்திரிப்பதிலும் தாயத்திலும் போனது. பிறகு மாத்திரை சாப்பிட்டுத் தேறினாள், இப்போது வேலைக்குப் போகிறாள். மற்றவளுக்கு இன்றுவரை ஒன்றும் இல்லை. ஆனால் "அதே ரத்தம்தானே" என்று சொல்லி இரண்டு இடத்தில் அவள் சம்பந்தத்தை நிறுத்திவிட்டார்கள்.

இரட்டையர் ஆராய்ச்சி எப்படி நடக்கிறது? ஒரே கரு இரண்டாகப் பிரிந்து பிறப்பவர்களுக்கு மரபணு ஏறக்குறைய முழுக்க ஒன்றே. தனித்தனிக் கருவில் பிறக்கும் இரட்டையருக்கு, சாதாரண அண்ணன் தம்பி போல, சராசரியாகப் பாதிதான் பொது. இரு வகையினரும் ஒரே வீட்டில் வளர்கிறவர்கள். ஒரு நோயில் முதல் வகையினர் ஒருவரையொருவர் அதிகம் ஒத்திருந்தால் அங்கே பரம்பரைக்குப் பங்கு உண்டு. ஒரே மரபணு உள்ளவர்களே வேறுபட்டால், காரணத்தை வாழ்க்கையில் தேட வேண்டும்.

மனச்சோர்வு நோயைப் பற்றிய இத்தகைய ஆய்வுகளை 2000ஆம் ஆண்டில் தொகுத்துப் பார்த்தார்கள். பரம்பரையின் பங்கு சுமார் 37 சதவீதம் என்று வந்தது. மனச்சிதைவு நோயில் பரம்பரையின் பங்கு இன்னும் அதிகம். அதிலும்கூட, ஒரே கரு இரட்டையரில் ஒருவருக்கு வந்தால் மற்றவருக்கும் வருவது பாதிக்கும் குறைவான ஜோடிகளில்தான். நான் சொன்ன பெண்ணின் கதை அபூர்வமே இல்லை.

"அதெல்லாம் வெள்ளைக்காரர் கணக்கு" என்பீர்கள். நம் பக்கத்து நாடான இலங்கையில், கொழும்பு மாவட்டத்தில், சுமார் 4,000 இரட்டையரை வைத்து ஆய்வு நடந்தது. மனச்சோர்வு பற்றிய அதன் முடிவு 2009இல் வெளியானது. பெண்களிடம் பரம்பரையின் பங்கு பெரிதாகவும், ஆண்களிடம் வாழும் சூழலின் பங்கே மிகப் பெரிதாகவும் தெரிந்தது. ஒரே ஊரிலேயே ஆணுக்கொரு கணக்கு, பெண்ணுக்கொரு கணக்கு!

இந்தச் சதவீதத்தை எப்படிப் புரிந்துகொள்வது? தறி தெரிந்த ஊர் நாம். பத்து நெசவாளருக்கு ஒரே நூலைக் கொடுங்கள். சேலைக்குச் சேலை வித்தியாசம் வந்தால் அது கையால் வந்தது. ஒரே நெசவாளருக்குப் பத்து வகை நூல் கொடுங்கள். இப்போது வித்தியாசம் நூலால் வந்தது. ஆனால் நெய்து முடித்த ஒரு சேலையை எடுத்துக்கொண்டு, "இதில் பாவு எத்தனை சதவீதம் அழகு, ஊடை எத்தனை சதவீதம் அழகு" என்று கேட்டால் சிரிப்பீர்கள். 37 சதவீதமும் அப்படித்தான். ஊராரிடையே உள்ள வேறுபாட்டைப் பற்றிய கணக்கு அது. உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு எழுதிய ஜாதகம் இல்லை.

அடுத்தது வளர்ப்பு. ஒரே வீடு என்றாலும் இரண்டு பிள்ளைக்கும் ஒரே சூழல் இல்லை. ஒருத்திக்கு நல்ல தோழி அமைவாள், மற்றவளை வகுப்பில் கேலி செய்வார்கள். ஒருவனுக்குக் காய்ச்சலில் ஒரு வருஷம் போகும். இந்தத் தனித்தனி அனுபவங்களின் பங்குதான் பெரிது என்று இரட்டையர் ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. ஆகவே எல்லாப் பழியையும் தாய் தலையில் ஏற்றுவது அநியாயம்.

பெற்றோருக்கு ஒரு வேலையும் இல்லை என்று நான் சொல்லவில்லை. ஸ்வீடனில் இரட்டையரையும் அவர்களுடைய பிள்ளைகளையும் வைத்துச் செய்த ஆய்வு 2015இல் வெளிவந்தது. பெற்றவரின் பதற்றம் வளர் இளம் பிள்ளைக்குப் போவது பெரும்பாலும் மரபணு வழியாக அல்ல, கூட வாழ்வதன் வழியாகத்தான் என்று அதில் தெரிந்தது. பன்னிரண்டாம் வகுப்பு ரிசல்ட் அன்று காலையில் நாம் பதறுகிற பதற்றத்தைப் பிள்ளை பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது. ரத்தத்தில் வந்ததை மாற்ற முடியாது. இதைக் குறைக்கலாம் அல்லவா?

சம்பந்தம் பேசப் போகும் பெரியவர்களுக்கு ஒரு வேண்டுகோள். சர்க்கரை வியாதியும் குடும்பத்தில் தொடர்வதுதான். அதற்காக யாரும் பெண் எடுக்காமல் இருப்பதில்லை. "வம்சத்தில் உண்டா?" என்று துருவுவதை விட்டு, "வைத்தியம் பார்த்தீர்களா, இப்போது எப்படி இருக்கிறார்?" என்று கேளுங்கள். அப்படிக் கேட்கிற ஊரில் யாரும் மறைக்க மாட்டார்கள்.

இன்று பெற்றோராக இருக்கும் என் மாணவர்களுக்கு: பிள்ளை இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் கெட்டு, சாப்பாடு குறைந்து, யாரோடும் பேசாமல் இருந்தால் காத்திருக்க வேண்டாம். வீட்டில் முன்பு யாருக்காவது இருந்திருந்தால் இன்னும் சீக்கிரம் போங்கள். பரம்பரை என்று தெரிவதன் பயன் அதுதான். மாவட்ட மனநலத் திட்டம் இருக்கிறது. 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் இரவு பகல் எந்நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழிலேயே பேசலாம். 104 எண்ணும் உண்டு.

தனியாக ஆஸ்பத்திரிக்குப் போகக் கூச்சமாக இருந்தால் எனக்குச் சொல்லுங்கள். வீடு உங்களுக்குத் தெரியும். நானும் கூட வருகிறேன்.