ஒரே தொழிலாளி, ஊர் மாறினால் உற்பத்தித்திறன் ஏன் மாறுகிறது?

பிகாரின் தனிநபர் வருமானம் 2023-24இல் தேசிய சராசரியில் மூன்றில் ஒரு பங்குதான். ஹரியாணாவில் அந்தச் சராசரியைப் போல ஒன்றே முக்கால் மடங்கு. பிரதமரின் பொருளாதார ஆலோசனைக் குழுவின் 2024 ஆய்வறிக்கை சொல்லும் கணக்கு இது.

"அப்படின்னா அந்த ஊர்க்காரங்க சரியா உழைக்கிறதில்லையா?" என்று கேட்பவர்கள் உண்டு. ஆனால் பஞ்சாபில் நாற்று நடுவதும், டெல்லியில் கட்டடம் கட்டுவதும், திருப்பூரில் பனியன் தைப்பதும் அதே பிகார் தொழிலாளர்கள்தானே? அப்போ வித்தியாசம் எங்கே இருக்கு?

உற்பத்தித்திறன் என்றால் என்ன?

ஒரு தொழிலாளி உருவாக்கும் பொருள் அல்லது சேவையின் பண மதிப்பு. எவ்வளவு வியர்வை சிந்தினார் என்பது இந்தக் கணக்கில் வராது.

என்ன வேலை கிடைக்கிறது?

2023-24இல் இந்தியத் தொழிலாளர்களில் சுமார் 46% பேர் விவசாயத்தில் இருந்தார்கள். பொருளாதாரத்தில் அதன் பங்கோ சுமார் 18%. வகுத்துப் பாருங்கள்: மற்ற துறைகளில் ஒருவர் சராசரியாக ஏறத்தாழ நான்கு மடங்கு மதிப்பை உருவாக்குகிறார். எனவே விவசாயத்தை அதிகம் நம்பியிருக்கும் மாநிலம் பின்தங்கித் தெரியும்.

விவசாயத்திலேயே ஏன் இடைவெளி?

2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி பஞ்சாபில் சராசரி நிலவுடைமை 3.62 ஹெக்டேர், அதாவது சுமார் ஒன்பது ஏக்கர். பிகாரில் 0.39 ஹெக்டேர், ஒரு ஏக்கர்கூட இல்லை. அந்தத் துண்டு நிலத்தில் குடும்பமே வேலை செய்கிறது. ஒருவர் ரயில் ஏறிப் போய்விட்டாலும் விளைச்சல் பெரிதாகக் குறையாது. அதே ஆள் பஞ்சாபில், கிட்டத்தட்ட முழுவதும் பாசன வசதியுள்ள பெரிய வயலில் இறங்கும்போது, அவருடைய ஒரு நாள் உழைப்பின் மதிப்பு கூடிவிடுகிறது.

தொழிற்சாலைகள் ஏன் வரவில்லை?

அன்றைய பிகாரில் நிலக்கரியும் இரும்புத் தாதுவும் இருந்தன. ஆனால் மத்திய அரசு 1950களில் சரக்குக் கட்டணச் சமன்பாட்டுக் கொள்கையைக் கொண்டுவந்தது. இதனால் நிலக்கரி, எஃகு போன்றவை நாடு முழுக்க ஏறக்குறைய ஒரே விலையில் கிடைத்தன. சுரங்கத்துக்குப் பக்கத்தில் ஆலை வைப்பதில் இருந்த லாபம் போனது. 1990களின் தொடக்கத்தில்தான் கொள்கை முடிவுக்கு வந்தது. 2000இல் ஜார்க்கண்ட் பிரிந்தபோது சுரங்கங்களும் பெரிய ஆலைகளும் அந்தப் பக்கம் போய்விட்டன.

ஆக, நல்ல நிலத்தையும் இயந்திரத்தையும் தேடித் தொழிலாளி ஊரை விட்டுப் போகிறார். அவர் ஊருக்கே ஆலை வந்தால்தான் இந்த இடைவெளி குறையும். அடுத்த முறை மாநிலங்களின் தரவரிசையைப் பார்க்கும்போது, அங்கே எத்தனை பேர் கடுமையாக உழைக்கிறார்கள் என்று கேட்காதீர்கள். அவர்களுக்கு உழைக்க என்ன கிடைத்திருக்கிறது என்று கேளுங்கள்.