ஸ்பீக்கர் வாங்கும் முன் அறையை அளந்து பாருங்கள்



போன வாரம் என் பழைய மாணவன் ஒருவன் (பெயர் வேண்டாம், எட்டாம் வகுப்பில் கடைசி பெஞ்சு) போன் செய்தான். "டீச்சர், உங்க வீட்டில் ஆளுயரத்துக்கு ஸ்பீக்கர் பார்த்தேனே, அதே மாதிரி வாங்கலாம்னு இருக்கேன். ஒன்றரை லட்சம். இஎம்ஐ போட்டுக்கலாம்னு கடையில சொல்றாங்க." அறை எவ்வளவுடா என்றேன். "பத்துக்குப் பத்து இருக்கும் டீச்சர்." வேண்டாம்டா என்றேன். காரணத்தைப் போனில் முழுசாகச் சொல்ல முடியவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

ஓய்வு பெற்றபோது வந்த பணத்தில் எனக்கென்று நான் வாங்கியது அந்த டவர் ஸ்பீக்கர் ஜோடி மட்டும்தான். எம்.டி. ராமநாதனின் அடிக்குரலைக் குறையில்லாமல் கேட்க வேண்டும் என்பது நாற்பது வருட ஆசை. கடையில் கேட்டபோது கண்ணில் நீர் வந்தது. ஆனால் அந்தக் கடையின் ஹாலுக்குள் எங்கள் வீடே அடங்கிவிடும். தரையெல்லாம் கம்பளம், சுவரெல்லாம் பஞ்சுப் பலகை. எங்கள் அறையோ 12 அடிக்கு 10 அடி, உயரமும் 10 அடி. தரையில் டைல்ஸ், மேலே கான்கிரீட், ஒரு பக்கம் கண்ணாடி ஜன்னல். பாட்டுப் போட்டால் தம்புராவும் மிருதங்கமும் குரலும் சேர்ந்து ஒரே 'கும்'.

எங்க வீட்டுக்காரர் "வார்த்தையே புரியலையே" என்பார். "உங்களுக்குக் காது மந்தமாயிடுச்சு" என்பேன் நான். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, ஐந்தாறு மாதம். போகப் போக, நான் பாட்டுப் போட்டால் அவர் பேப்பரை எடுத்துக்கொண்டு திண்ணைக்குப் போய்விடுவார். கடைசியில் காது டாக்டரிடமே அழைத்துப் போனேன். "வயசுக்கு ஏத்த காதுதாம்மா, நல்லாவே இருக்கு" என்றார் டாக்டர். ஆட்டோவில் திரும்பி வரும்போது இரண்டு பேரும் பேசவில்லை.

இத்தனை வருடம் வகுப்பறையில் கத்தியவளுக்கு இது தெரிந்திருக்க வேண்டாமா? கோடை விடுமுறை முடிந்து காலி வகுப்பறைக்குள் நின்று பேசினால் நம் குரலே நமக்குப் புரியாது. நாற்பது பிள்ளைகள் வந்து உட்கார்ந்தால் தெளிந்துவிடும். உடம்பும் துணியும் பையும் ஒலியை விழுங்குகின்றன. 1895இல் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஒரு விரிவுரை அறையில் யார் பேசினாலும் புரியவில்லை. பேசிய சொல் அடங்க ஐந்து வினாடிக்கு மேல் ஆனது. சபைன் என்ற இளம் இயற்பியல் ஆசிரியர் வேறோர் அரங்கின் இருக்கை மெத்தைகளை ராத்திரி ராத்திரியாகத் தூக்கிவந்து போட்டு, எத்தனை மெத்தைக்கு எவ்வளவு எதிர்முழக்கம் குறைகிறது என்று அளந்தார். கட்டட ஒலியியல் என்ற படிப்பே அங்கிருந்துதான் வளர்ந்தது.

அடுத்தது கணக்கு, பயப்படாதீர்கள். ஒலி ஒரு வினாடிக்கு ஏறத்தாழ 1125 அடி போகும். அதை அறை நீளத்தின் இரு மடங்கால் வகுங்கள். 12 அடிக்கு 47 ஹெர்ட்ஸ், 10 அடிக்கு 56 ஹெர்ட்ஸ். அந்த அதிர்வெண்ணிலும் அதன் மடங்குகளிலும் சுவருக்குச் சுவர் நிலையலை உண்டாகி அறையே முழங்கும். எங்கள் அறையில் அகலமும் உயரமும் ஒன்று என்பதால் 56 இரண்டு முறை வருகிறது. என் மாணவனின் அறையில் உயரமும் பத்து என்றால் மூன்று முறை! 40 ஹெர்ட்ஸ் வரை இறங்கும் டவரை அங்கே வைப்பது, எரிகிற அடுப்பில் எண்ணெய் ஊற்றுகிற வேலை. சின்ன புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர் அவ்வளவு கீழே பலமாக இறங்காது. சின்ன அறையில் அதுவே அதன் நல்ல குணம்.

வாட்ஸ் கணக்கையும் நம்பாதீர்கள். பிஎம்பிஓ என்று ஆயிரக்கணக்கில் போட்டிருந்தால் அது வெறும் விளம்பரம், ஆர்எம்எஸ் எவ்வளவு என்று கேளுங்கள். எட்டடி தூரத்தில் உட்கார்ந்து கேட்கப் பெரும்பாலும் சில வாட்ஸே போதும்.

எங்கள் டவர் ஜோடி இப்போது பெரிய ஹால் உள்ள அண்ணன் மகன் வீட்டில் நன்றாகப் பாடுகிறது. எனக்கு ஐந்து அங்குல வூஃபர் உள்ள சின்ன ஜோடி. மூலையை விட்டுத் தள்ளி, சுவரிலிருந்து இரண்டடி முன்னால், ட்வீட்டர் காது உயரத்துக்கு வருகிற மாதிரி ஸ்டாண்டில் வைத்திருக்கிறேன். கீழே ஜமுக்காளம், ஜன்னலுக்குக் கனமான திரை, பின்சுவர் முழுக்கப் புத்தக அலமாரி. திரையும் ஜமுக்காளமும் கீச்சொலியைத்தான் அடக்கும், 'கும்'மை அடக்காது. அதற்கு ஸ்பீக்கரையும் நாற்காலியையும் அரையடி அரையடியாக நகர்த்திப் பார்க்க வேண்டியிருந்தது. நகர்த்தியது எங்க வீட்டுக்காரர்தான். இப்போது சாயங்காலம் திண்ணைக்குப் போவதில்லை. "தெலுங்குதான் புரியல, வார்த்தை புரியுது" என்கிறார்.

தம்பி, கடைக்காரரிடம் இரண்டு நாள் வீட்டில் வைத்துக் கேட்கத் தருவீர்களா என்று கேள். தராவிட்டால் வேறு கடை பார். அதற்கு முன் டேப் எடுத்து நீளம், அகலம், உயரம் மூன்றையும் அளந்து, வகுத்த விடையோடு எனக்கு அனுப்பு. வழிமுறையையும் எழுது, விடை மட்டும் போதாது.