வீட்டில் இருந்தே பிஎச்.டி... ஆன்லைன் 'டாக்டர்' பட்டம் இந்தியாவில் செல்லுமா? யுஜிசி விதி சொல்வது என்ன?

மழலையர் கல்வியில் ஆன்லைன் பிஎச்.டி. வேலையை விட வேண்டாம், நேரில் வர வேண்டாம், பெயருக்கு முன்னால் 'டாக்டர்' போட்டுக்கொள்ளலாம்... இப்படி ஒரு விளம்பரம் செல்போனில் வந்தால், நர்சரி டீச்சரும் ப்ளே ஸ்கூல் நடத்துபவரும் ஒரு நிமிடம் நின்று பார்க்கத்தான் செய்வார்கள். ஆனால் பணம் கட்டும் முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: இந்தப் பட்டம் எங்கே செல்லும்?

ஏன் இந்தப் படிப்பு?

3 முதல் 8 வயது வரையிலான பருவத்தை 'அடித்தள நிலை' எனத் தனியாகப் பிரித்தது 2020 தேசிய கல்விக் கொள்கை. அந்தக் கொள்கையை தமிழ்நாடு ஏற்கவில்லை. ஆனாலும் 54 ஆயிரத்துக்கும் மேற்பட்ட அங்கன்வாடி மையங்கள் இங்கே இயங்குகின்றன. குழந்தைகளுக்குப் பாடம் எடுக்க பிஎச்.டி தேவையில்லை. பாடத்திட்டம் எழுத, ஆசிரியர்களுக்குப் பயிற்சி தர, கல்லூரியில் பேராசிரியராக வேண்டும் என்றால்தான் அது கைகொடுக்கும்.

வெளிநாட்டில் எப்படி?

அமெரிக்காவில் ஆன்லைன் முனைவர் பட்டம் சகஜம். அங்கீகாரம் பெற்ற பல்கலைக்கழகங்களே நடத்துகின்றன. அதில் இரண்டு வகை. பிஎச்.டி என்பது ஆராய்ச்சியை மையமாகக் கொண்டது. எட்.டி என்பது பள்ளியிலும் நிர்வாகத்திலும் இருப்பவர்களுக்கான தொழில்முறைப் பட்டம்.

அங்கேயும் சிக்கல் இல்லாமல் இல்லை. ஆன்லைன் படிப்புக்குப் பெயர்போன வால்டன் பல்கலைக்கழகத்தின் மீது, வணிக நிர்வாக முனைவர் பட்ட மாணவர்கள் வழக்கு போட்டனர். படிப்பை முடிக்க ஆகும் காலத்தையும் செலவையும் குறைத்துக் காட்டினார்கள் என்பது புகார். குற்றச்சாட்டை மறுத்த பல்கலைக்கழகம், 2024-ல் 2 கோடியே 85 லட்சம் டாலர் தர ஒப்புக்கொண்டு வழக்கை முடித்துக்கொண்டது.

இந்தியாவில் செல்லுமா?

வெளிநாட்டுக் கல்வி நிறுவனங்களுடன் கைகோத்து எட்-டெக் நிறுவனங்கள் தரும் ஆன்லைன் பிஎச்.டி-க்கு அங்கீகாரம் இல்லை என 2022 அக்டோபரில் யுஜிசி-யும் ஏஐசிடிஇ-யும் சேர்ந்தே எச்சரித்தன. அடுத்த மாதமே வந்தது யுஜிசி-யின் புதிய பிஎச்.டி விதிமுறை. அதன்படி இந்தியப் பல்கலைக்கழகங்களும் தொலைநிலையிலோ ஆன்லைனிலோ பிஎச்.டி நடத்த முடியாது.

அதாவது, லட்சக்கணக்கில் செலவு செய்து, வருடக்கணக்கில் படித்து பட்டம் வாங்கினாலும் உதவிப் பேராசிரியர் வேலைக்கு விண்ணப்பிக்கும்போது அது கணக்கில் வராது.

அப்போ என்னதான் வழி?

வழி இருக்கு. அதே 2022 விதிமுறை பகுதிநேர பிஎச்.டி-யை அனுமதிக்கிறது. வேலை செய்யும் இடத்தில் தடையில்லாச் சான்று வாங்க வேண்டும். ஆராய்ச்சிக்குப் போதிய நேரம் தருவோம், பாடப்பகுதியை முடிக்கத் தேவைப்பட்டால் பணியில் இருந்து விடுவிப்போம் என்ற உறுதி அதில் இருக்க வேண்டும்.

தகுதி: முதுகலையில் 55 சதவீத மதிப்பெண். எஸ்.சி, எஸ்.டி, ஓபிசி உள்ளிட்ட பிரிவினருக்கு 5 சதவீத தளர்வு உண்டு. 2024-25 முதல் நெட் தேர்வு மதிப்பெண்ணை வைத்தும் சேரலாம்.

காலம்: குறைந்தது 3 ஆண்டு. வழக்கமான உச்சவரம்பு 6 ஆண்டு. பெண்களுக்குக் கூடுதல் அவகாசம் உண்டு. மகப்பேறு, குழந்தை பராமரிப்புக்காக 240 நாள் வரை விடுப்பும் எடுக்கலாம். மழலையர் கல்வியில் இருப்பவர்களில் பெரும்பாலானோர் பெண்கள் என்பதால் இது முக்கியமான சலுகை.

எங்கே தேடுவது?

மழலையர் கல்வி என்ற பெயரிலேயே துறை இருக்கும் என எதிர்பார்க்க வேண்டாம். கல்வியியல் துறையிலும், மனையியலின் கீழ் வரும் மனித வளர்ச்சித் துறையிலும் இந்த ஆய்வு நடக்கும். கோவை அவினாசிலிங்கம் நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் மனித வளர்ச்சித் துறை இருக்கிறது. சென்னையில் தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகம் இருக்கிறது.

பணம் கட்டும் முன்...

பட்டம் தருவது பல்கலைக்கழகமா, இடையில் இருக்கும் நிறுவனமா? யுஜிசி பட்டியலில் அந்தப் பல்கலைக்கழகம் இருக்கிறதா? வழிகாட்டிப் பேராசிரியர் யார்? அவருக்குக் காலியிடம் இருக்கிறதா? இதற்கெல்லாம் எழுத்துப்பூர்வமாகப் பதில் வாங்குங்கள். 'இன்றே சேர்ந்தால் தள்ளுபடி' என்று மட்டும் பதில் வந்தால், அந்தப் பக்கம் போகாமல் இருப்பதே நல்லது.